மணலில் பார்த்த குதிரை

கடல் இப்போது இருக்கும் இடத்துக்கு இன்னும் கொஞ்சம் அப்பால் இருந்த காலம். குதிரைகள் கப்பலில் வந்து இறங்கிய காலம். அந்தக் காலத்தில் மணலாறு என்று ஓர் ஆறும், அந்த ஆற்றின் பெயரையே தனக்கும் வைத்துக்கொண்ட ஒரு சின்ன நாடும், அந்த நாட்டுக்கு நந்திவேள் என்று ஓர் அரசரும் இருந்தார்கள்.

அரசருக்குப் பிடித்தவை மூன்று: குதிரை, குதிரைப் பந்தயம், குதிரையைப் பற்றிய பேச்சு. பந்தயத்தில் ஜெயிப்பது மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த குன்றத்து அரசன்தான் எப்போதும் ஜெயித்தான். முதல் முறை ஜெயித்து அரசரின் பொன் சேணத்தைக் கொண்டுபோனான். இரண்டாம் முறை மாந்தோப்பைக் கொண்டுபோனான். மூன்றாம் முறை, "அடுத்த பந்தயத்துக்கு உங்கள் ஆற்றுப் படுகையை வைக்கலாமே" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். ரோஷம் வந்தவருக்கு யோசனை வராது. நந்திவேள் சரி என்று சொல்லிவிட்டார்.

கேட்கிறவர்களுக்குப் படுகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடையில் அந்த நாட்டில் பச்சையாக இருக்கும் ஒரே இடம் அதுதான். அது கைவிட்டுப் போனால் சித்திரை மாதத்தில் ஆடும் மாடும் குதிரையும் மண்ணைத்தான் மேய வேண்டும்.

பந்தயத்துக்கு ஒரு விதியும் இருந்தது. இனிமேல் பிறக்கப்போகும் குட்டிகள்தான் ஓட வேண்டும். ஆகவே இரண்டு நாடுகளும் முதலில் நல்ல பொலிகுதிரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொலிகுதிரை என்றால் பெட்டைக் குதிரைகளைச் சினையாக்குவதற்கென்றே வைத்திருக்கும் ஆண்குதிரை. தகப்பன் சரியாக அமையாவிட்டால் குட்டிகளைக் குறை சொல்லி என்ன பயன்?

மணலாற்று நாட்டில் குதிரையைத் தேர்ந்து சொல்வதற்கு ஒரு பதவி இருந்தது. அது பரம்பரைப் பதவி. கடைசியாக அதில் இருந்தவருக்கு மகன் இல்லை. ஒரே ஒரு மகள். அவர் இறந்தபின் பதவி அவளுக்கு வந்தது.

அவள் பெயர் தத்தை. தத்தை என்றால் கிளி. பெயர் வைத்தபோது அவள் தகப்பனாருக்கு விஷயம் தெரியாது. நாலு பேர் கூடிய இடத்தில் அந்தக் கிளியின் வாயிலிருந்து ஒரு சொல்கூட வராது. வாய்தான் திறக்காது என்றால் கண்ணும் நிமிராது. யாராவது அவளைப் பார்த்தால் அவள் தரையைப் பார்ப்பாள். இருபத்திரண்டு வயதுக்குள் அந்த நாட்டுத் தரையை அவள் அளவுக்குப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை.

இப்படிப்பட்டவளுக்குக் குதிரை தேர்வதில் எப்படிப் பேர் கிடைத்தது என்று கேட்பீர்கள். அவளும் தன்னை அதைத்தான் கேட்டுக்கொள்வாள்.

பதவிக்கு வந்த புதிதில் ஒரு சிவப்புக் குதிரையைக் காட்டி அரசர் கருத்துக் கேட்டார். தத்தை தரையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்று எண்ணி அரசர் அதை வாங்கவில்லை. அடுத்த மாதமே அது நொண்டியது. பிறகு ஒரு புள்ளிக் குதிரையைக் காட்டினார்கள். தத்தை தரையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அதையும் வாங்கவில்லை, அதை வாங்கியவனை அது குளத்தில் தள்ளியது. மூன்றாவதாக ஒரு பழுப்புக் குதிரையைக் காட்டினார்கள். தத்தை தரையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று கூச்சத்தில் கொஞ்சம் சிரித்துவிட்டாள். வாங்கினார்கள். அது பத்து வருஷம் உழைக்கும் போல இருந்தது.

அன்றிலிருந்து ஊரார் அவளை மௌன ஞானி என்றார்கள். தத்தை வீட்டுக்குப் போய்த் தன் தண்ணீர்ப் பானையிடம், "கேட்டாயா, நான் ஞானியாம்" என்று சொன்னாள். பானையிடம் அவளுக்குப் பேச வரும்.

அந்த நாட்டில் குதிரை பார்க்கும் முறை ஒன்று உண்டு. அதைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். குதிரையைக் குளிப்பாட்டி, குளம்புக்குச் சாயம் பூசி, சபை நடுவே கம்பளத்தில் நிறுத்துவார்கள். சுழிநூல் படித்த ஏகவீரர் என்ற பெரியவர், அதைச் சுற்றிச் சுற்றி வந்து, உடம்பில் மயிர் சுழிந்திருக்கும் இடங்களை எண்ணுவார். நெற்றியில் இருந்தால் நல்லது, தொண்டையில் இருந்தால் கெட்டது, இப்படி. அசைகிற குதிரையில் சுழியை எண்ண முடியாது. அதனால் குதிரை அசையவே கூடாது என்று ஒரு சட்டம். ஓடுவதற்கான குதிரையை அந்த நாட்டில் நிற்கவைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இது விசித்திரம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தத்தைக்குத் தோன்றியது. ஆனால் அவள்தான் ஒன்றும் சொல்ல மாட்டாளே.

பொலிகுதிரையைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. இரண்டு குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

ஒன்று வெண்சங்கு. பெயருக்கு ஏற்ற வெள்ளை. நெற்றியில் நல்ல சுழி, மார்பில் நல்ல சுழி, விலாவில் நல்ல சுழி. அதன் தகப்பன் ஓடிய கதையை ஊரில் குழந்தைகளும் சொல்லும்.

இன்னொன்று சாம்பல். வயதில் சின்னது. நிறம் அடுப்பிலிருந்து அள்ளியது போல. காது ஒன்று முன்னே பார்த்தால் மற்றது பின்னே பார்க்கும். தொண்டையில் ஒரு கெட்ட சுழி வேறு. குதிரை வைத்திருந்த பிரபுக்கள் யாரும் தங்கள் பெட்டையைச் சாம்பலிடம் அனுப்பியதில்லை. ஏன் என்றால் அதன் குட்டி எதுவும் ஓடிக் காட்டவில்லையாம். குட்டி ஏன் ஓடிக் காட்டவில்லை என்றால், யாரும் பெட்டையை அனுப்பாததால் குட்டியே இல்லை. பெரிய மனிதர்கள் இந்த வட்டத்துக்குள் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஏகவீரர் எண்ணி முடித்து, வெண்சங்கே உத்தமம் என்றார். அரசர் தத்தையைப் பார்த்தார். "வெண்சங்குதானா, அம்மா?" என்று கேட்டார்.

சபை முழுதும் அவளைப் பார்த்தது. தத்தை தரையைப் பார்த்தாள். கம்பளம் விரித்திருந்ததால் தரைகூடத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஓர் ஈ வந்து அவள் மூக்கின் மேல் உட்கார்ந்தது. சபையில் கையை வீசி ஈ ஓட்டலாமா? அவள் தலையைச் சற்று ஆட்டினாள். ஈ போகவில்லை. இன்னொரு முறை ஆட்டினாள்.

"ஆகா" என்றது சபை. இரண்டு முறை தலையசைத்துவிட்டாள் மௌன ஞானி. முதல் அசைவு வெண்சங்கின் இந்தப் பிறவிக்கு, இரண்டாம் அசைவு அதன் வம்சத்துக்கு என்று ஏகவீரர் அங்கேயே பொருளும் சொல்லிவிட்டார். வெண்சங்கு பொலிகுதிரை என்று அரசர் அறிவித்தார். வீணாக நிற்கும் சாம்பலைப் பௌர்ணமி கழிந்ததும் காயடித்து, கல் வண்டியில் பூட்டச் சொன்னார்.

தத்தை, அது ஈ என்று சொல்ல வாயெடுத்தாள். வாய் திறந்தது. சொல் வரவில்லை. மூடிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகக் கடைத்தெரு வழியாகப் பத்து எட்டு. ஆனால் கடைத்தெருவில் மனிதர்கள் இருப்பார்களே. அவள் எப்போதும் ஊரைச் சுற்றி, ஆற்று மணல் வழியாகத்தான் போவாள். அன்றும் அப்படித்தான் போனாள், வழக்கம் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்த மணலில் உப்பு மூட்டை சுமக்கும் மட்டக் குதிரைகள் போய்வரும். அவற்றின் தடம் தத்தைக்கு மனப்பாடம். பின்னங்கால் குளம்பு எப்போதும் முன்னங்கால் தடத்துக்குப் பின்னாலேயே விழும். சுமை சுமக்கிற நடை அது. அன்று பார்த்தால் நடுவே வேறு மாதிரித் தடங்கள். சின்னக் குளம்புகள். ஆனால் பின்னங்கால், முன்னங்கால் வைத்த இடத்தைத் தாண்டி, ஒரு சாண் முன்னால் போய் விழுந்திருந்தது. ஒரு குட்டி மட்டும் இல்லை. மூன்று குட்டிகள். மூன்றும் அதே ஒரு சாண். வேகமாக எட்டிப் போகிற நடை அது.

"என்னம்மா, காசைத் தொலைச்சிட்டியா? குனிஞ்சுக்கிட்டே வர்றே" என்று ஒரு குரல் கேட்டது.

உப்பு விற்கும் கொற்றி. மூட்டை ஒன்று வெடித்து மணலில் கொட்டிக் கிடக்க, அவள் உப்பை அள்ளிக்கொண்டிருந்தாள். அள்ளிக்கொண்டே மூன்று குட்டிகளையும் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தாள். அவள் திட்டிலிருந்து தத்தைக்குத் தெரிந்தது இதுதான். மூன்று மழைக்கு முன்னால் அரண்மனைச் சாம்பல் குதிரை ஒன்று கட்டை அறுத்துக்கொண்டு வந்து, இவளுடைய மட்டக் குதிரைகளோடு ஒரு வாரம் மேய்ந்துவிட்டுப் போனது. அதன் பலன்தான் இந்த மூன்றும். ஒன்றுக்காவது அடக்கமாக நடக்கத் தெரியாது. மற்றக் குதிரைகள் ஆற்றைக் கடக்குமுன் இவை அக்கரைக்குப் போய், மூட்டையை வெடித்துக்கொண்டு நிற்கும்.

"உங்க அரமனைக் குதிரைதானே? நீயே கூட்டிட்டுப் போயேன். ஒரு மாசத்துக்கு எவ்வளவு உப்பு நஷ்டம் தெரியுமா?" என்றாள் கொற்றி.

தத்தை அங்கிருந்து நேரே அரண்மனைக் குதிரைகளைக் குளிப்பாட்டும் துறைக்குப் போனாள். ஈர மணலில் சாம்பலின் தடம் இருந்தது. பின்னங்கால், முன்னங்காலைத் தாண்டி ஒரு சாணுக்கும் மேலே. பக்கத்தில் வெண்சங்கின் தடம். அழகான குளம்பு, சாயம்கூடக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஆனால் பின்னங்கால் முன்னங்காலுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது, உப்பு மூட்டை சுமப்பது போல.

உப்புக் குதிரைகளின் வயிற்றிலேயே இப்படிக் குட்டி கொடுத்தது என்றால், நல்ல பெட்டைகளிடம் என்ன கொடுக்கும்? சாம்பல் தப்பித்தால் படுகை தப்பிக்கலாம். சாம்பல் கல் வண்டிக்குப் போனால் இரண்டும் போயிற்று. காரணம் ஓர் ஈ. இல்லை, காரணம் ஈ இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த நாட்டில் இன்னொரு சட்டமும் இருந்தது. சொன்ன தீர்ப்பை மாற்றிச் சொல்லும் தேர்வாளர் பதவியை இழப்பார். நான் எங்கே தீர்ப்புச் சொன்னேன், மூக்கைத்தானே ஆட்டினேன் என்று தத்தை நினைத்தாள். சபை அப்படி நினைக்காதே.

மறுநாள் முழுதும் ஒத்திகை பார்த்தாள். முதலில் தண்ணீர்ப் பானையிடம் பேசினாள். பேச்சு நன்றாக வந்தது. பிறகு தகப்பனார் விட்டுப்போன கிழட்டுப் பெட்டைக் குதிரையிடம் பேசினாள். அது பாதியிலேயே எழுந்து புல் தின்னப் போய்விட்டது. கடைசியாகக் கிணற்றில் தெரிந்த தன் முகத்திடம் பேசினாள். அந்த முகம் அவளைப் பார்க்க, இவள் கூச்சப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். இதோடு ஒத்திகை முடிந்தது.

அதற்கு மறுநாள் சபைக்குப் போனாள். தானாக எழுந்து நின்றாள். மௌன ஞானி எழுந்து நின்றதைப் பார்த்து விசிறிகூட நின்றுவிட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். தயாரித்து வந்த பேச்சு முழுதும் காற்றில் போய்விட்டது. ஒரே ஓர் எழுத்து மிஞ்சியது.

"ஈ" என்றாள் தத்தை.

சபை பொருள் தேடியது. ஏகவீரர், ஈகை என்று சொல்ல வருகிறாள் போலும் என்று தொடங்கினார். தத்தைக்குப் பயமாக இருந்தது. இதற்கும் இவர்கள் பொருள் சொல்லிவிட்டால் சாம்பலின் கதி அவ்வளவுதான்.

"அன்றைக்கு நான் தலையாட்டவில்லை, அரசே. மூக்கில் ஈ உட்கார்ந்தது. நான் குதிரையைப் பார்க்கவே இல்லை. இதற்கு முன் காட்டியபோதும் எதையும் பார்த்ததில்லை. எனக்குக் கூச்சம். அதைத்தான் நீங்கள் ஞானம் என்று நினைத்துவிட்டீர்கள்."

சபை சிரித்தது. சிரிப்பு பந்தல் வரை போய்த் திரும்பி வந்தது. தத்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கேட்டால் வேடிக்கையாகத்தானே இருக்கிறது. சிரித்தபின் அவளுக்குப் பேசுவது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

அரசர் சிரிக்கவில்லை. படுகையைப் பணயம் வைத்தவர் அவர் அல்லவா? "அப்படியானால் இப்போது எதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாய்?" என்று கேட்டார்.

"மணலை. நீங்களும் வந்தால் காட்டுவேன்."

அரசர் போனார். அவர் போனதால் சபையும் போனது. ஆற்று மணலில் வெண்சங்கை நடத்தினார்கள்; தடத்தைப் பார்த்தார்கள். சாம்பலை நடத்தினார்கள், தடத்தைப் பார்த்தார்கள். கொற்றியின் மூன்று குட்டிகளையும் நடத்தினார்கள். அரசர் தானே குனிந்து சாண் போட்டு அளந்தார். கொற்றி மட்டும், உப்பு நஷ்டத்தைப் பற்றி விசாரிக்கத்தான் இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

ஏகவீரர் விடவில்லை. தொண்டைச் சுழி தொண்டைச் சுழிதான், அதைச் சாண் போட்டு மாற்ற முடியாது என்றார்.

தத்தை அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, சுழி குதிரையின் மேல்தான் இருக்கிறது. குதிரை ஓடுவது கீழே."

அரசர் வெகுநேரம் யோசித்தார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்து ஒரு தீர்ப்புச் சொன்னார். சாம்பலைக் காயடிக்க வேண்டாம். ஆனால் பிரபுக்கள் தங்கள் நல்ல பெட்டைகளை வெண்சங்கிடமே அனுப்புவார்கள்; அவர்களை வற்புறுத்த முடியாது. யாருக்கும் வேண்டாத பெட்டைகள் மூன்று லாயத்தில் இருக்கின்றன. ஒன்றுக்கு ஒரு கண் தெரியாது. ஒன்றுக்கு வயதாகிவிட்டது. ஒன்று கடிக்கும். சாம்பலுக்கு அவை போதும். சட்டம் சட்டம்தான், தத்தை இன்றோடு பதவியை விட வேண்டும்.

பதவி போன வருத்தத்தில் தத்தை தலைகுனிந்து நின்றதாக அன்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இனிச் சபைக்கே வர வேண்டாம் என்ற சந்தோஷத்தை மறைக்கத்தான் அவள் குனிந்திருந்தாள்.

மழை வந்தது, போனது. குட்டிகள் பிறந்தன. வெண்சங்கின் குட்டிகள் நிற்கும்போது பார்க்கக் கண் கோடி வேண்டும். சாம்பலின் குட்டிகள் மூன்றும் அடுப்படி நிறம். அவை நின்று யாரும் பார்த்ததில்லை. வளர்ந்தபின் எல்லாவற்றையும் மணலில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒற்றைக்கண் பெட்டையின் குட்டி முன்னால் வந்தது. கிழட்டுப் பெட்டையின் குட்டி அதற்கும் முன்னால் வந்தது. கடிக்கும் பெட்டையின் குட்டியை மறுகரையில் போய்ப் பிடித்து வர வேண்டியிருந்தது.

பந்தய நாளில் அதையே ஓடவிட்டார்கள். குன்றத்துக் குதிரையும் நல்ல குதிரைதான். அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அது எல்லைக் கோட்டுக்கு வந்து சேருமுன், அந்தக் கடிக்கும் பெட்டையின் குட்டி கோட்டைத் தாண்டி, மூச்சு வாங்கி, குன்றத்து அரசனின் குடைக்காரனைக் கடித்தும் முடித்திருந்தது. படுகை தப்பியது.

அன்று மாலையே ஏகவீரர் சாம்பலின் வயிற்றடியில் ஒரு பெரிய நல்ல சுழியைக் கண்டுபிடித்தார். இத்தனை நாளும் தூசி மறைத்திருந்ததாம். பெட்டைகளை ஓட்டிக்கொண்டு பிரபுக்கள் லாய வாசலில் வரிசையில் நின்றார்கள். இன்னும் சிலர் கொற்றியிடம் ஓடி அந்த மூன்று குதிரைகளையும் கேட்டார்கள். கொற்றி தர மறுத்துவிட்டாள். "இத்தனை வருஷம் பாடுபட்டு இப்பத்தான் மெல்ல நடக்கப் பழக்கியிருக்கேன்" என்றாள்.

அரசர் தத்தையை அழைத்துவரப் பல்லக்கு அனுப்பினார். அவளுக்குப் பதவியைத் திருப்பித் தர வேண்டும், கடைத்தெரு வழியாக மேளதாளத்தோடு ஊர்வலம் விட வேண்டும் என்பது அவர் ஆசை. மேளச் சத்தம் கேட்டதும் தத்தை கொல்லைப்புறக் கதவைத் திறந்து ஆற்றை நோக்கி ஓடினாள்.

மணலில் வெகுதூரம் வந்தபின் நின்று திரும்பிப் பார்த்தாள். அவளுடைய காலடித் தடம் நீளமாகக் கிடந்தது. வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் தடத்தைத் தானே பார்த்தாள். பெருவிரல்கள் இரண்டும் உள்பக்கம் திரும்பியிருந்தன. தடம் இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் சாய்ந்து வந்திருந்தது. நடுவில் ஓர் இடத்தில், திரும்பிப் போய்விடலாமா என்று ஊர்ப்பக்கம் நாலு எட்டு வைத்து, மறுபடியும் ஆற்றுப்பக்கம் திரும்பியிருந்தது. இந்தத் தடத்தைப் பார்த்து எந்தத் தேர்வாளர் என்னை வாங்குவார் என்று நினைத்து, யாரும் இல்லாத இடம் ஆகையால், அவள் சத்தமாகவே சிரித்தாள்.

சிரித்துவிட்டு நிமிர்ந்தாள். அந்தக் கோணல் தடம் வந்து நின்ற இடத்தில், அவள் காலடியிலிருந்து அடிவானம் வரை, படுகை பச்சையாகக் கிடந்தது. ஊர் ஆடும் மாடும் அதில் மேய்ந்துகொண்டிருந்தன. நடுவே சாம்பல், ஒரு காதை முன்னும் ஒரு காதைப் பின்னும் வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்தது. அன்று தத்தை தரையைப் பார்க்கவில்லை.

ஆகவே இதைக் கேட்டவர்களே, ஒருவர் நிற்கும் அழகை வைத்து அவரை மதிக்காமல், அவர் விட்டுச் சென்ற தடத்தை வைத்தே மதிக்க வேண்டும். உங்களை நீங்களே மதிக்கும்போதும் அப்படியே செய்ய வேண்டும்.